சாவி, மேசை, அலமாரி... புதுச்சேரியில் நடந்துகொண்டே ஸ்பானிஷ் பழகலாம்!

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிறது ஜென்மராக்கினி அன்னை பேராலயம். அந்த முழுப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். 'சம்பா கோவில்' என்றால் உடனே கை நீளும். சம்பா நெல்லுக்கும் இந்தக் கோவிலுக்கும் சம்பந்தமே இல்லை. புனித பவுலைக் குறிக்கும் 'சான் பாவ்லோ' என்ற பெயர் தமிழ் வாயில் புரண்டு புரண்டு 'சம்பா' ஆகிவிட்டது என்பதே இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அதே புனிதருக்கு ஸ்பானிஷில் 'சான் பாப்லோ' என்று பெயர். ஆக, ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் புதுச்சேரிக்காரருக்கு முதல் சொல்லை ஊரே கொடுத்துவிடுகிறது.

20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் மொழி ஸ்பானிஷ். சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் வேலை, வெளிநாட்டில் மேற்படிப்பு, கால்பந்து வெறி என்று ஆளுக்கொரு காரணத்தோடு இதைக் கையில் எடுக்கிறார்கள். இலக்கணப் புத்தகத்தின் முதல் பத்துப் பக்கங்கள் சுலபமாகவே ஓடும். ஆட்டம் காண்பது சொற்களில்தான். நோட்டில் இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் ஆங்கிலம் என்று கோடு போட்டு, ஒரே ராத்திரியில் ஐம்பது சொற்களை மனப்பாடம் செய்வார்கள். மறுநாள் காலையில் பத்து மிஞ்சும், வார இறுதியில் மூன்று. 'எனக்கு மொழி வராது' என்று நோட்டை மூடிவிடுவது அதற்கடுத்த வாரம்.

இந்த இடத்தில்தான் புதுச்சேரி கைகொடுக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் பிரெஞ்சு படிப்பதுதானே முறை, ஸ்பானிஷ் எங்கே வந்தது என்று கேட்கலாம். பிரெஞ்சு, போர்த்துகீசு, ஸ்பானிஷ் மூன்றும் லத்தீன் வயிற்றில் பிறந்த சகோதரிகள். முதல் இரண்டும் இந்தக் கரையில் வாழ்ந்து பழகியவை. வீதிப் பலகையில் பிரெஞ்சு இருக்கிறது. வீட்டுக்குள் போர்த்துகீசு இருக்கிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்றாவதை எட்டிவிடலாம்.

வீட்டைப் பூட்டும்போதே பாடம்

வெளியே கிளம்புமுன் கதவைப் பூட்டச் சாவி வேண்டும். 'சாவி' போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். அவர்களின் 'ஷாவே', ஸ்பானிஷில் 'யாவே'. சாவியை வைக்கும் மேசை ஸ்பானிஷிலும் 'மேசா'தான். துணி வைக்கும் அலமாரி 'அர்மாரியோ'. சட்டையின் பொத்தான் 'பொத்தோன்'. குளித்துவிட்டுத் துடைக்கும் துவாலை 'தொஆயா'. காபி ஊற்றும் கோப்பைக்கு உறவான 'கோப்பா' ஸ்பானிஷில் காலுள்ள கண்ணாடிக் கிண்ணம். வெற்றிக் கோப்பைக்கும் அதே சொல்தான். கால்பந்து பார்ப்பவர்களுக்குக் 'கோப்பா அமெரிக்கா' புதிதல்ல.

இன்னும் இருக்கிறது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களிலும் சமையலறையைக் 'குசினி' என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஸ்பானிஷில் 'கொசீனா'. யாழ்ப்பாணத்தில் செருப்புக் கடையில் கேட்கும் 'சப்பாத்து' அங்கே 'சபாத்தோ', காலையில் வாங்கும் 'பாண்' அங்கே 'பான்'. கட்டட வேலை மேஸ்திரிக்கு உறவு 'மாஎஸ்த்ரோ' - ஆசிரியர், கைதேர்ந்தவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஸ்பானிஷிலும் 'ஆயா'வேதான், ஓர் எழுத்துகூட மாறாமல். போலீஸ்காரர் ராத்திரி போகும் ரோந்து 'ரோந்தா'. பாதிரியார் 'பாத்ரே', அதே சொல்லுக்கு 'அப்பா' என்றும் பொருள். சென்னை மயிலாப்பூரின் லஸ் முனைக்குப் பெயர் கொடுத்த லஸ் கோயிலில் இருப்பது 'லூஸ்', அதாவது ஒளி.

இப்படி எண்ணிக்கொண்டே போனால், ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாத தமிழருக்கு இருபது, முப்பது ஸ்பானிஷ் சொற்களின் சாயல் தெரிந்திருக்கிறது. அவை ஏன் மறக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். சாவியைப் பட்டியலில் எழுதி யாரும் மனப்பாடம் செய்யவில்லை. தினமும் தேடுகிறோம், தொலைக்கிறோம், "சாவி எங்கடி வச்சே?" என்று கத்துகிறோம். சொல் பொருளோடு ஒட்டிக்கொண்டது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் அந்த வேகம் தணிகிறது. இதையே வீட்டு வைத்தியம்போல எளிமையாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர். 1972-இல் வந்த அவரது புத்தகத்தில் ஒரு பெட்டி, அதில் சில அறைகள், கையால் எழுதிய சொல் அட்டைகள், அவ்வளவுதான். தெரிந்த சொல் அடுத்த அறைக்குப் போகும், அதைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தெரியாத சொல் முதல் அறைக்கே திரும்பும், நாளைக்கே மறுபடி பார்க்க வேண்டும். இன்று கைபேசியில் இருக்கும் மொழிச் செயலிகள் பலவற்றுக்குள்ளும் ஓடுவது இந்தக் கணக்குத்தான். அஞ்சறைப் பெட்டி இருக்கும் வீட்டில் இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'மேசா' என்று தனியாகப் படித்தால் பின்னால் கஷ்டம். ஸ்பானிஷில் மேசை பெண்பால், 'லா மேசா'. அலமாரி ஆண்பால், 'எல் அர்மாரியோ'. உயிரில்லாப் பொருளை அஃறிணையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் தமிழருக்கு இது அநியாயமாகத் தோன்றும். பால் காட்டும் அந்தச் சின்னச் சொல்லையும் சேர்த்தே முதல் நாளிலிருந்து சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

துபாஷி வீட்டு வாசலில்

மிஷன் வீதியிலிருந்து பெரிய மார்க்கெட் பக்கம் திரும்பினால், 1738-இல் கட்டப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. கீழே தமிழ்நாட்டுப் பாணியில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள் என்று வீடே இரண்டு மொழி பேசும். ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு துபாஷியாக இருந்தவர் பிள்ளை. துபாஷி என்றாலே இரண்டு மொழிக்காரர் என்று பொருள். 1736 தொடங்கி 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அன்றைய புதுச்சேரியின் கடைத்தெருவையும் கோட்டையையும் நம் முன்னே விரிக்கிறது.

அவர் காலத்தில் ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் இந்தியக் கரையோரத் துறைமுகங்களில் வெவ்வேறு நாட்டு வணிகர்களுக்கு இடையே நெடுங்காலம் புழங்கியது கொச்சைப் போர்த்துகீசு. 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துகீசியர், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புதுச்சேரியில் வணிகம் செய்ய வந்துவிட்டார்கள். இந்த ஊரில் அவர்கள் நீடிக்கவில்லை. அவர்களின் சொற்கள் மட்டும் தமிழ்நாட்டுக் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றிலும் குடியேறிவிட்டன. 'ஜன்னல்' என்பதும் அவர்களுடைய 'ஜனேலா'தான். (ஸ்பானிஷில் இது உதவாது, அங்கே 'வெந்தானா'. எல்லாச் சொல்லும் பொருந்திவிட்டால் அப்புறம் படிப்பதற்கு என்ன இருக்கிறது?)

இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்பெயினின் நவார்ராவில் 1506-இல் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அப்படியே மனப்பாடம் செய்து, ஊர் ஊராக ஒப்பித்தார். அவர் தாய்மொழியான பாஸ்க்குக்கும் தமிழுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. சில ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு வந்த போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் வேறு வழியில் போனார். மீனவர்களோடு பேசிப் பேசித் தமிழைக் கற்றார், ஐரோப்பியர்களுக்காகத் தமிழ் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவரது 'தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் புத்தகமாக இன்றும் பேசப்படுகிறது. ஒப்பிப்பது, பேசிப் பழகுவது என இன்றைய மாணவர் முன்னால் இருக்கும் இரண்டு வழிகளையும் நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் ஒத்திகை பார்த்துவிட்டார்கள்.

பெரிய மார்க்கெட்டில் திரும்பி வந்த சொற்கள்

பெரிய மார்க்கெட்டுக்கு குபேர் அங்காடி என்பது பதிவேட்டுப் பெயர். பூ, மீன், காய், மளிகை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் நெருக்கியடிக்கும் இடம். சொல் படிக்க வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது; பதினொரு மணிக்கு மேல் கூட்டத்தில் நகர முடியாது.

இங்கே கதை திசை மாறுகிறது. வீட்டுக்குள் இருந்தவை அங்கிருந்து இங்கே வந்த சொற்கள். மார்க்கெட்டில் கிடப்பவற்றில் பல இங்கிருந்து அங்கே போனவை. மாங்காய், போர்த்துகீசியர் வழியாகப் போய் ஸ்பானிஷில் 'மாங்கோ' ஆனது. தேக்கு 'தேக்கா' ஆனது. தேங்காய்க் கொப்பரை அங்கேயும் 'கோப்ரா'. வெற்றிலை 'பெத்தெல்'. நம் சர்க்கரைக்கும் ஸ்பானிஷ் 'அசூகார்'க்கும் மூலம் ஒன்றே: சமஸ்கிருத 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாகப் போய் அங்கே இறங்கியது. ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்லும் 'நரான்ஹா'வை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தால், ஊறுகாய் போடும் நாரத்தை ஞாபகத்துக்கு வரும். 'நாரங்கம்' என்று சமஸ்கிருதத்தில் வழங்கிய அந்தச் சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது என்பது பலரின் கருத்து. இஞ்சிக்கு 'ஹென்ஹீப்ரே'. பார்க்கச் சம்பந்தமே தெரியாது. ஆனால் கிரேக்கம், லத்தீன் என்று பின்னோக்கிப் போனால் இஞ்சியிலேயே முடியும் என்பதை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அரிசிக்கு 'அரோஸ்'. இது அரிசியிலிருந்தே போனதா என்பதில் மட்டும் அறிஞர்களிடம் இன்னும் சண்டை ஓயவில்லை. மனதில் நிறுத்த அந்தச் சண்டையே போதும்.

பழக்கடையில் இன்னொரு கூட்டம். பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்துப் பழங்கள். கரீபியத் தீவு மக்கள் சொன்னதைக் கேட்டு ஸ்பானியர் 'பப்பாயா', 'குவயாபா' என்றார்கள். போர்த்துகீசியர் பழத்தையும் பெயரையும் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். அன்னாசியும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஸ்பெயினில் அதற்கு 'பீஞா' என்று வேறு பெயர். அர்ஜென்டினா பக்கம் போனால் 'அனனா' என்பார்கள், நம் அன்னாசிக்குப் பக்கத்து வீடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் விசேஷம். மகாத்மா காந்தி வீதி முழுக்கத் துணி, பாத்திரம், பழைய புத்தகம் என்று சண்டே மார்க்கெட் விரிந்துவிடும். நடந்துகொண்டே கிழமைகளைப் படிக்கலாம். இதில் ஆங்கிலம் தெரிந்தவரைவிடத் தமிழ் தெரிந்தவருக்குத்தான் சௌகரியம். திங்கள் என்றால் நிலா. ஸ்பானிஷில் நிலா 'லூனா', கிழமை 'லூனெஸ்'. செவ்வாய் 'மார்த்தெஸ்', செவ்வாய்க் கோளின் பெயரேதான். புதன் 'மியெர்கோலெஸ்', வியாழன் 'ஹுவேவெஸ்', வெள்ளி 'வியெர்னெஸ்' - மூன்றும் மெர்க்குரி, ஜூபிடர், வீனஸ். கோள் வரிசை இரண்டு மொழியிலும் அச்சு அசலாக ஒன்றே. சனியும் ஞாயிறும் மட்டும் கட்சி மாறிவிட்டன. 'சாபதோ' யூதர்களின் ஓய்வு நாளிலிருந்தும், 'தொமிங்கோ' ஆண்டவரின் நாள் என்ற பொருளிலும் வந்தவை.

வாய்க்காலைத் தாண்டினால்...

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதி. மஞ்சள் சுவர், காகிதப் பூக்கள், புகைப்படம் எடுக்க வந்த கூட்டம், நீல நிற வீதிப் பலகைகள். அதில் பிரெஞ்சில் 'ரூ சேன் லூயி', 'ரூ சேன் மர்த்தேன்', 'ரூ சேன் லொரான்'. ஸ்பானிஷ் மாணவர் இவற்றை 'சான் லூயிஸ்', 'சான் மார்த்தீன்', 'சான் லொரென்சோ' என்று மாற்றிச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். 'ரூ' மட்டும் உதவாது. வீதிக்கு ஸ்பானிஷில் 'கையே'. 'ரூ தெ லா மரீன்' என்பது 'கையே தெ லா மரீனா' ஆகிவிடும்.

பலகைகளை உற்றுப் பார்த்தால் ஒரு வாய்ப்பாடே கிடைக்கும். பிரெஞ்சில் பள்ளிக்கு 'எகோல்', ஸ்பானிஷில் 'எஸ்குவேலா'. நட்சத்திரம் 'எத்துவால்', அங்கே 'எஸ்த்ரேயா'. மசாலாப் பொருள் 'எபீஸ்', அங்கே 'எஸ்பேசியா'. பிரெஞ்சு விழுங்கிவிட்ட 'ஸ்' ஒலியை ஸ்பானிஷ் பத்திரமாக வைத்திருக்கிறது. ஓப்பித்தால் - ஒஸ்பித்தால், ஈல் - இஸ்லா, ஜூலை 14 அன்று இங்கே கொண்டாடும் ஃபெத் - ஃபியெஸ்தா, எல்லாம் இதே கணக்கு. ஒரு சூத்திரம் தெரிந்தால் பத்துச் சொல் வரும். ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடியும் சொற்களும் இப்படியே: ஸ்டேஷன் 'எஸ்தசியோன்', இன்ஃபர்மேஷன் 'இன்ஃபொர்மசியோன்'. இந்த 'சியோன்' குடும்பம் முழுக்கப் பெண்பால் என்பது கூடுதல் லாபம்.

'கொலேஹியோ' என்ற சொல் எல்லா மாணவரையும் குழப்பும். காலேஜ் மாதிரி இருக்கிறது, ஆனால் ஸ்பானிஷில் அது பள்ளிக்கூடம். புதுச்சேரிக்காரருக்கு இதில் குழப்பமே வராது. மிஷன் வீதியில் இருக்கும் கலவைக் கல்லூரி, பெயரில் கல்லூரி, நடப்பது மேல்நிலைப் பள்ளி!

பொய் நண்பர்கள் என்று மொழி ஆசிரியர்கள் சொல்லும் சொற்கள் இன்னும் உண்டு. பாரதி பூங்காவுக்கு அருகே, 1827-இல் தொடங்கப்பட்ட ரோமேன் ரோலான் நூலகம் இருக்கிறது. நூலகத்துக்கு 'பிப்லியோதேக்கா'. 'லிப்ரெரீயா' என்று கேட்டால் புத்தகக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். 'எக்ஸிதோ' வெளியே போகும் வழியாக இருக்காது, அதற்கு வெற்றி என்று பொருள். 'ரோப்பா' கயிறு மாதிரி ஒலிக்கும் துணிமணி. தமிழர் விழும் குழி வேறொன்று. நம் பேனா, இறகைக் குறிக்கும் போர்த்துகீசுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த நம்பிக்கையில் ஸ்பானிஷ்காரரிடம் 'மி பேனா' என்றால், 'என் துயரம்' என்று அவருக்குக் கேட்கும்.

வாசிப்பில் பிரெஞ்சு படுத்தும் பாடு ஸ்பானிஷில் இல்லை. 'துய்மா' வீதிப் பலகையில் பிரெஞ்சு எழுத்தில் கடைசியில் ஓர் 'எஸ்' சும்மா நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதை நம்பி 'டூமாஸ்' என்கிறார்கள். ஸ்பானிஷில் வாயில் வராத எழுத்து கிட்டத்தட்ட 'ஹெச்' ஒன்றுதான், மற்றவை எழுதியபடி ஒலிக்கும். தமிழ் நாக்குக்கு இன்னும் இரண்டு சலுகைகள். ஆங்கிலேயர் திணறும் அந்த அலை போட்ட 'என்', நம் 'ஞ'. 'மஞானா' என்றால் நாளை, 'நீஞோ' என்றால் சிறுவன். 'பெரோ' என்றால் ஆனால். அதையே வல்லின 'ற' போட்டு நாக்கை உருட்டி 'பெறோ' என்றால் நாய். ரகர றகர பேதம் பார்த்துத் திட்டிய தமிழ் ஆசிரியரை இங்கே நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பலகைகள் இருந்தும் இந்த ஊரின் பிரெஞ்சு எங்கே போனது? 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் வந்ததிலிருந்து, 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறும் வரை, இடையில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடுங்கிக்கொண்ட ஆண்டுகளைக் கழித்தாலும், இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சி. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி லிசே இன்றும் நடக்கிறது. 1889-இல் வந்த அலியான்ஸ் பிரான்சேஸில் இன்றும் வகுப்புகள் நடக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இன்னும் வாக்களிக்கின்றன. ஆனாலும் பொதுத் தமிழில் பிரெஞ்சு விட்ட சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 'பீரோ' இருக்கிறது, அதுவும் ஆங்கிலம் வழியாக வந்திருக்கலாம். 'கொம்யூன் பஞ்சாயத்து' இருக்கிறது, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவக்காரரைக் குறிக்கும் 'சொல்தா' இருக்கிறது, போலீஸ் தலையில் சிவப்புக் 'கெப்பி' இருக்கிறது. எல்லாம் அலுவலகமும் சீருடையும்.

போர்த்துகீசியர் பண்டமாற்றில் பேசினார்கள், தச்சரிடமும் சமையல்காரரிடமும் பேசினார்கள். அவர்கள் சொல் சாவியிலும் பொத்தானிலும் ஏறிக்கொண்டது. பிரெஞ்சு பள்ளியிலும் நீதிமன்றத்திலும் சேவைப் பதிவேட்டிலும் வாழ்ந்தது. அங்கே போகாத வீட்டுக்குள் அது நுழையவில்லை. ஸ்பானிஷ் மாணவர் தன் நோட்டுப் புத்தகத்தை இந்த ஊரின் வெளிச்சத்தில் பார்த்தால், அதில் எவ்வளவு பலகை, எவ்வளவு சாவி என்று தெரிந்துவிடும். 'அரசாங்கம்', 'சுற்றுச்சூழல்' என்று பாடப் புத்தக வரிசையில் ஐம்பது சொல் எழுதுவதற்கு முன்னால், வீட்டில் கைபடும் ஐம்பது பொருள்களில் சீட்டு ஒட்டலாம். ஒட்டினால் போதாது. 'யாவே எங்கே' என்றாவது, பாதித் தமிழில், வாய்விட்டுக் கேட்க வேண்டும். வீட்டில் சிரிப்பார்கள். சிரித்தால் அந்தச் சொல் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பெயின் அரசின் 'தெலே' சான்றிதழ், ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் கொண்டது. அதை நடத்தும் இன்ஸ்தித்தூத்தோ செர்வாந்தெஸுக்கு டெல்லியில் மையம் இருக்கிறது. ஏ1 படியில் கேட்பது பெரும்பாலும் வீடு, குடும்பம், கடை, கிழமை, சாப்பாடு. இதுவரை நடந்த நடையில் பாதி வந்துவிட்டது.

கடற்கரையில் ஆண்பாலும் பெண்பாலும்

துய்மா வீதியில் கடலைப் பார்த்து நிற்கிறது 1855-இல் கட்டி முடிக்கப்பட்ட நோத்ர் தாம் தேஸான்ஜ் ஆலயம், நம் வாயில் தேவதைகளின் மாதா கோயில். ஸ்பானிஷில் 'நுவேஸ்த்ரா செஞோரா தெ லோஸ் ஆன்ஹெலெஸ்'. கடைசி இரண்டு சொற்களை ஆங்கிலத்தனமாகப் படித்தால் லாஸ் ஏஞ்சலஸ்! ஸ்பானியர் குடியேற்றிய அந்த அமெரிக்க நகரம் இதே மாதாவின் பெயரில்தான் தொடங்கியது. 'லோஸ்' என்பது ஆண்பால் பன்மைக்கு முன்னால் வரும் சொல் என்ற இலக்கணம், ஹாலிவுட் புண்ணியத்தில் இனி மறக்காது. ரயில் நிலையம் அருகே இருக்கும் திருஇருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போனால் 'கொரசோன்' கிடைக்கும், இதயம்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலை அருகே சுண்டல், பலூன், குழந்தைகள். 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே. பிரெஞ்சில் 'ஃபார்', ஸ்பானிஷில் 'ஃபாரோ'. கொஞ்சம் தள்ளிச் சுங்க அலுவலகம். பிரெஞ்சில் 'துவான்', ஸ்பானிஷில் 'அதுவானா'. இரண்டும் அரபு மொழியில் பதிவேட்டு அலுவலகத்தைக் குறித்த 'திவான்' என்ற சொல்லின் பிள்ளைகள். அந்தத் திவான் தமிழ்நாட்டுக்கு வந்து திவான் பகதூர் வரை பதவி வகித்தவர்.

கடலுக்குப் பிரெஞ்சில் 'லா மேர்', பெண்பால். ஸ்பானிஷ் அகராதியில் 'எல் மார்', ஆண்பால். ஆனால் ஸ்பானிஷ் பேசும் மீனவர்கள் அகராதியைக் கேட்பதில்லை. பிரியமாக 'லா மார்' என்று பெண்ணாக்கிவிடுவார்கள். கடலைத் தாயாகப் பார்க்கும் வைத்திக்குப்பத்து மீனவர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வடக்கே அந்தக் குப்பம் வரை நடந்தால், மணலில் ஃபைபர் படகுகள். அவற்றுக்கு முன்னால் இந்தக் கரை முழுக்கக் கிடந்தவை கட்டுமரங்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை எடுத்துப் போனார்கள், அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போனது. இன்று ஸ்பெயினின் கடலோர ஊர்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இரட்டை உடல் படகுக்கு 'கத்தமரான்' என்று பெயர். ஆண்பால், 'எல் கத்தமரான்'. அழுத்தம் கடைசி அசையில்.